பாட்டி சேர்த்த வெள்ளிக் காசைத் துலக்க வேண்டாம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழரிடம் ஒரு பொருளின் விலையைக் கேட்டால், "பத்து வெள்ளி" என்று பதில் வரும். வங்கிப் படிவத்தில் ரிங்கிட் என்றோ டாலர் என்றோ எழுதுவார்கள். சந்தையிலும் கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசையிலும் அது வெள்ளிதான். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினருக்கு இது வேடிக்கையாக இருக்கும். காகித நோட்டை எப்படி வெள்ளி என்று சொல்கிறீர்கள் என்று கேட்பார்.

ஒரு காலத்தில் அது உண்மையாகவே வெள்ளியாக இருந்தது. 1903ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றப் பகுதிக்காக அச்சிடப்பட்ட ஒரு டாலர் நாணயம் ஏறத்தாழ 27 கிராம் எடை கொண்டது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. வெள்ளியின் விலை ஏறியதால் 1907இல் அதன் எடை 20 கிராம் அளவுக்குக் குறைக்கப்பட்டது. 1919, 1920ஆம் ஆண்டுகளில் எடை 17 கிராமுக்கும் கீழே இறங்கியது, வெள்ளியும் பாதியாகிவிட்டது. 1939இல் வந்த மலாயா 10 காசு, 20 காசு நாணயங்களில் முக்கால் பங்கு வெள்ளி இருந்தது. 1943 முதல் 1945 வரையிலான நாணயங்களில் அது பாதியாயிற்று. 1948 முதல் செம்பும் நிக்கலும் கலந்த நாணயம் வந்தது. சில்லறையிலிருந்து வெள்ளி போய்விட்டது. சொல் மட்டும் நம்மவர் நாக்கில் தங்கிவிட்டது.

அந்தப் பழைய வெள்ளி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பிஸ்கட் டின்னில், புடவைக்கு அடியில், சாமி அறை இழுப்பறையில் இருக்கிறது. அதைப் பத்திரமாக வைத்திருப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. பழைய நாணயங்களைத் திருடர்கள் கெடுப்பதைவிட வீட்டார் கெடுப்பதே அதிகம். அதுவும் அன்பினால் கெடுக்கிறார்கள்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் பால் மரம் சீவிக் குடும்பத்தைக் காப்பாற்றிய பாட்டி காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பிள்ளைகள் அலமாரியைத் திறக்கிறார்கள். உள்ளே ஒரு பழைய டின். அதற்குள் துணி முடிச்சு. முடிச்சை அவிழ்த்தால் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒற்றை ரூபாய்கள் நாலைந்து. அவை பாட்டியின் அப்பாவோடு கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவை. சில மலாயா 20 காசுகள். நாலு மூலையும் மழுங்கிய சதுர ஒரு காசுகள் ஒரு கைப்பிடி. நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த 1967ஆம் ஆண்டு மலேசிய நாணயங்கள் கொஞ்சம்.

எல்லாம் கறுத்து, பழுத்துக் கிடக்கின்றன. மூத்த மகனுக்கு மனம் பொறுக்கவில்லை. "அம்மா வைத்த காசு இப்படியா இருக்க வேண்டும்?" என்று சொல்லி, செம்புக் காசுகளைப் புளி போட்டுத் தேய்க்கிறார். வெள்ளிக் காசுகளைத் திருநீறு போட்டும் பற்பசை போட்டும் துலக்குகிறார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் புதிதுபோல் மின்னுகின்றன. மறுவாரம் நாணயக் கடைக்காரரிடம் எடுத்துப் போகிறார். கடைக்காரர் பூதக் கண்ணாடி வைத்து ஒன்றைப் பார்க்கிறார், இன்னொன்றைப் பார்க்கிறார், பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வைக்கிறார். உலோக எடைக்குத்தான் விலை என்கிறார்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன போயிற்று என்று மகனுக்குப் புரிவதில்லை. அதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாப் பாதுகாப்பும் எளிதாகிவிடும்.

தேய்த்தால் எது போகிறது?

நாணயம் அச்சிடப்படும்போது மிகப் பெரிய அழுத்தம் உலோகத்தின் மீது விழுகிறது. உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்து அச்சுக்குள் நிறைகிறது. அப்போது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் உண்டாகின்றன. புதுக் காசைச் சாய்த்துப் பிடித்தால் ஒளி சக்கரம்போல் சுழல்கிறதே, அது அந்தக் கோடுகளால் வருவது. சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அந்த இயற்கையான மினுக்கத்தைத்தான்.

பற்பசையிலும் சாம்பலிலும் இருப்பது நுண்ணிய துகள். அது கறுப்பை மட்டும் எடுப்பதில்லை. கறுப்போடு சேர்த்து அந்தக் கோடுகளையும் சுரண்டி எடுத்துவிடுகிறது. புளியில் இருக்கும் அமிலம் செம்பின் மேல்தோலைக் கரைத்துவிடுகிறது. அதனால்தான் துலக்கிய செம்புக் காசு ரோஜா நிறத்தில் பச்சையாகத் தெரிகிறது. கடையில் விற்கும் வெள்ளி துலக்கும் திரவமும் மேல்தோலைக் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் பளபளப்பைத் தருகிறது. உப்பும் அலுமினியத் தாளும் போட்ட வெந்நீரில் முக்கினாலும் பழைய மேற்பரப்பு திரும்பி வராது.

குத்துவிளக்கைத் துலக்கலாம், வெள்ளித் தட்டைத் துலக்கலாம். அவை புழங்குவதற்காகச் செய்தவை. நாணயம் ஒரு பத்திரம் போன்றது. பழைய நிலப்பத்திரம் மங்கிவிட்டது என்று யாரும் எழுத்தைச் சுரண்டிப் புதிதாக எழுதுவதில்லை.

நாணயங்களுக்குத் தரச் சான்று தரும் அமெரிக்க நிறுவனங்கள் இரண்டு பெயர் பெற்றவை. பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொடங்கின. 70 புள்ளிவரை உள்ள அளவுகோலில் அவை நாணயத்துக்கு எண் கொடுக்கின்றன. கடுமையாகத் துலக்கிய நாணயத்துக்கு வழக்கமான எண் கிடைக்காது. 'துலக்கப்பட்டது' என்ற குறிப்புத்தான் கிடைக்கும். அந்தக் குறிப்பு அதை விட்டுப் போகாது.

ஆகவே முதல் விதி இதுதான்: கையில் பழைய நாணயம் கிடைத்தால், தெரிந்தவர் ஒருவர் பார்க்கும்வரை எதுவும் செய்ய வேண்டாம். தண்ணீரில் கழுவுவதுகூட வேண்டாம்.

உலோகத்துக்கு ஒரு நோய்

எல்லாக் காசும் ஒரே மாதிரி கெடுவதில்லை.

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். காற்றில் மிகக் குறைந்த அளவில் கலந்திருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு படலமாகப் படிகிறது. படலம் மெல்லியதாக இருக்கும்போது இளமஞ்சள். தடிக்கத் தடிக்கப் பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. சீராகப் படிந்த மெல்லிய படலத்தைச் சேகரிப்பவர்கள் குறையாக எண்ணுவதில்லை. வானவில் நிறம் அழகாக விழுந்த நாணயத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு. கறுப்பு தடித்து மேற்பரப்பை அரிக்கும்போதுதான் ஆபத்து.

செம்பும் வெண்கலமும் முதலில் பழுப்பாகின்றன. அது இயற்கை. பச்சையாகக் களிம்பு ஏறினால் கவனிக்க வேண்டும். அதிலும் வெளிர்ப்பச்சை நிறத்தில் மாவுபோல் உதிரும் களிம்பு மோசமானது. உப்பில் உள்ள குளோரைடு உலோகத்துக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். ஈரம் இருக்கும்வரை அது உள்ளே தின்றுகொண்டே போகும். அப்படிப்பட்ட காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

மலேசியாவின் ஒரு காசு தனிக் கதை. 1967இல் அது வெண்கலம். 1973 முதல் இரும்பின் மேல் செம்பு போர்த்திய காசுகள் வந்தன. சிங்கப்பூரிலும் 1976 முதல் அப்படித்தான். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். இவற்றில் செம்புப் போர்வையில் சிறு கீறல் விழுந்தால் போதும். உள்ளே ஈரம் போய்த் துரு பிடிக்கும். துரு உப்பி மேலே உள்ள செம்பைப் பிளந்துகொண்டு வெளியே வரும். உண்டியலில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஒரு காசுகளில் இதைப் பார்க்கலாம்.

தங்கம் கெடாது என்பார்கள். சுத்தத் தங்கம் கெடாது. பவுன் காசில் செம்பு கலந்திருப்பதால் சில நேரம் சிவந்த புள்ளிகள் விழும். மேலும் தங்கம் மெதுவானது. ஒரு காசோடு ஒரு காசு உரசினாலே கோடு விழும்.

இந்த மண்ணின் ஈரம்

நாணயம் சேர்ப்பது பற்றிய நல்ல புத்தகங்கள் பல குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே நாணயத்தை மர இழுப்பறையில் வைத்து மூடினால் போதும். இங்கே போதாது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். வெயில் ஏறிய பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். தீபகற்ப மலேசியாவின் தாழ்நிலப் பகுதிகளிலும் நிலைமை பெரும்பாலும் இதுதான். நாள்தோறும் ஏறி இறங்கும் இந்த ஈரம்தான் கந்தகத்துக்கும் உப்புக்கும் வேலை செய்யத் துணை.

நாணயப் பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. நிறையச் சேர்த்து வைத்திருப்பவர்கள், கேமரா வைப்பதற்காக விற்கும் மின்சார உலர்பெட்டி ஒன்றை வாங்கலாம். கொஞ்சம் காசு வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவு செலவு வேண்டாம். ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் நல்ல பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல் பைகள் சில, ஈரம் காட்டும் சிறு கருவி ஒன்று. இவ்வளவுதான். அந்த மூடி வளையம் சிலிக்கோனாக இருப்பது நல்லது. சாதாரண ரப்பர் ஏன் ஆகாது என்பது பின்னால் வருகிறது.

சிலிக்கா ஜெல்லைப் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. அதுவும் ஒரு அளவுக்குத்தான் ஈரத்தைக் குடிக்கும். நிறம் மாறும் வகையை வாங்கினால் குழப்பமில்லை. ஆரஞ்சு நிறம் கரும்பச்சையானாலோ, நீல நிறம் இளஞ்சிவப்பானாலோ அது நிறைந்துவிட்டது. மணிகளைத் தட்டில் பரப்பி, அடுப்புக் கலத்தில் ஏறத்தாழ 120 பாகை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும், மறுபடியும் பயன்படுத்தலாம். நீல வகையில் கோபால்ட் இருப்பதால் சமையல் செய்யும் கலத்தில் அதைச் சூடாக்க வேண்டாம்.

துணி அலமாரிக்காகக் கடைகளில் ஒரு பெட்டி விற்கிறார்கள். வாரங்கள் போகப் போக அதன் அடியில் தண்ணீர் தேங்கும். அது வெறும் தண்ணீர் அல்ல. கால்சியம் குளோரைடு என்ற உப்பு கரைந்த நீர். அறையின் மூலையில் இருந்தால் தவறில்லை. நாணயங்களோடு ஒரே தட்டில் இருந்து ஒரு நாள் கவிழ்ந்தால், அத்தனை காசும் உப்பு நீரில் குளிக்கும்.

வங்கிப் பெட்டகத்தில் வைப்பவர்களும் கவனிக்க வேண்டும். பெட்டகம் திருட்டிலிருந்து காக்கும்; ஈரத்திலிருந்து காப்பது பெட்டிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல்லின் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தவுடன் பெட்டியைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த பானத்தின் டின் மேல் நீர் வியர்ப்பதைப் போலக் காசின் மேலும் வியர்க்கும். மூடியபடியே அறையின் சூட்டுக்கு வரும்வரை விட்டுவைத்துப் பிறகு திறக்க வேண்டும்.

உறையே பகை

ஈரத்துக்கு அடுத்தபடியாகக் கெடுதல் செய்வது நாணயம் வைக்கும் உறைதான்.

மிருதுவான, வளையும், தொட்டால் வழவழப்பான பிளாஸ்டிக் பக்கங்கள் கொண்ட நாணய ஆல்பங்கள் ஒரு காலத்தில் எங்கும் விற்றன. இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அந்தப் பிளாஸ்டிக்கை மிருதுவாக்குவதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். வெப்பத்தில் அது மெல்லக் கசியும். பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வெளிவரும். இரண்டும் சேர்ந்து காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுத்து நிற்கும். நாள் ஆக ஆக உலோகத்தை அரித்துக் குழி போடும். செம்பு, வெள்ளி, செம்பு நிக்கல் எதையும் அது விடுவதில்லை. பிறந்த நாளுக்குப் பேரனுக்கு வாங்கிக் கொடுத்த ஆல்பம், அவன் வேலைக்குப் போகும் வயதில் திறந்து பார்க்கும்போது பச்சைப் பசேலென்று ஒட்டிக்கிடக்கும்.

பிவிசியைக் கண்டுபிடிக்க எளிய அடையாளங்கள் உண்டு. புதுக் காருக்குள் ஏறியதுபோல் வாடை அடிக்கும். மிருதுவாக மடியும். டப்பாக்களின் அடியில் முக்கோணக் குறிக்குள் எண் இருந்தால் அதைப் பார்க்கலாம். 3 என்றால் பிவிசி, அது வேண்டாம். 1 என்றால் பெட் வகை, 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், இவை நல்லவை.

நாணயத்துக்கு ஏற்ற உறைகள் மூன்று. முதலாவது, மைலார் சன்னல் வைத்த சதுர அட்டை. மைலார் விறைப்பாக, சலசலவென்று ஒலிக்கும். விலையும் குறைவு. அட்டையை மூடும் ஸ்டேப்ளர் ஊசியின் முனைகளை இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். இரண்டாவது, காசின் அளவுக்குச் செய்த கெட்டியான அக்ரிலிக் வட்டக் கூடு. வெள்ளிக் காசுக்கும் நினைவு நாணயத்துக்கும் இதுவே பொருத்தம். மூன்றாவது, தரச் சான்று நிறுவனங்கள் முத்திரையிட்டுத் தரும் கூடு. அதற்குள் போனாலும் காற்று அறவே புகாது என்று நம்பிவிட வேண்டாம். அதையும் உலர்ந்த இடத்தில்தான் வைக்க வேண்டும்.

மத்திய வங்கி வெளியிடும் பளபளப்பான நினைவு நாணயங்களுக்கு ஒரு சொல். அவை வந்த கூட்டை ஒருபோதும் திறக்க வேண்டாம். கண்ணாடிபோன்ற அந்தப் பரப்பில் விரல் பட்டால், துடைத்தாலும் குற்றம், துடைக்காவிட்டாலும் குற்றம். பெட்டியும் சான்றுச் சீட்டும் சேர்ந்துதான் முழு மதிப்பு.

ரப்பர் தோட்டத்துக் காசும் ரப்பர் பட்டையும்

நம்மவர் வீடுகளில் காசைக் காகிதத்தில் சுருட்டி ரப்பர் பட்டை போட்டு வைப்பது பழக்கம். இந்தப் பட்டையைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். வெள்ளிக் காசின் மேல் அது இருந்தால், பட்டை இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். ரப்பர் மரம் சீவிச் சம்பாதித்த காசைக் கடைசியில் ரப்பரே கறுக்க வைக்கிறது.

பழைய செய்தித்தாள், மலிவான அட்டைப்பெட்டி, கம்பளித் துணி, சாயம் போட்ட வெல்வெட் ஆகியவையும் கூடாது. ஒட்டுப்பலகையாலும் மரத்தூள் பலகையாலும் செய்த புது அலமாரியிலிருந்து அமில ஆவி வரும். அதற்குள் காசைத் திறந்தபடி வைக்கக் கூடாது. பாச்சை உருண்டை துணிக்கு மட்டும். காசை ஒட்டுநாடா போட்டு அட்டையில் ஒட்டுவதும் கூடாது. பசை உலோகத்தில் கறையாக இறங்கும். சமையலறை அலமாரியும் ஏற்றதல்ல. முட்டையும் வெங்காயமும் வேகும் இடத்தில் கந்தகத்துக்குக் குறைவில்லை. எண்ணெய்ப் புகை வேறு.

எடுத்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது விரல். விரலில் வியர்வை, வியர்வையில் உப்பு. புதுக் காசின் முகத்தில் பெருவிரலை வைத்தால், அந்த ரேகை சில மாதங்களில் உலோகத்தில் பதிந்துவிடும், பிறகு போகாது. காசை எப்போதும் விளிம்பில் இரு விரலால் பிடிக்க வேண்டும். பருத்திக் கையுறை அல்லது நைட்ரில் கையுறை நல்லது. சாதாரண ரப்பர் கையுறை வேண்டாம். மேசையில் மெத்தென்ற துண்டை விரித்துக்கொண்டால் கைதவறி விழுந்தாலும் அடிபடாது. காசின் மேல் குனிந்து பேசுவதும் வேண்டாம். எச்சில் துளி ஒன்று தெறித்தால் அது கரும்புள்ளியாகும்.

சாமி அறைக் காசு

மஞ்சள், குங்குமம் வைத்துப் பூசிக்கும் காசுகளைப் பற்றிப் பலருக்குக் கேள்வி எழும். லட்சுமி பூசைக்கு என்று தலைமுறையாக வைத்திருக்கும் வெள்ளிக் காசு சில வீடுகளில் உண்டு. குங்குமமும் சந்தனமும் ஈரத்தை இழுத்து வைக்கும். விளக்கின் புகை எண்ணெய்ப் பிசுக்காகப் படியும். அதற்காகப் பூசையை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. பூசைக்கென்று ஒரு காசையோ இரண்டு காசையோ ஒதுக்கிவிடுங்கள். அவை தேய்ந்தால் தேயட்டும்; அதுதான் அவற்றின் பெருமை. மற்றவற்றை உலர்ந்த பெட்டிக்கு அனுப்பிவிடலாம்.

காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்த ரூபாய்களும் அப்படித்தான். நாணயச் சந்தையில் அவற்றுக்குப் பெரிய விலை கிடைக்காது. ஆனால் வளையத்தை வெட்டி எடுத்துவிட்டு 'நல்ல நாணயம்' ஆக்கப் பார்ப்பது இரட்டை நட்டம். காசும் கெடும், அதைக் கழுத்தில் அணிந்த கொள்ளுப்பாட்டியின் கதையும் போய்விடும்.

ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால்

பச்சைப் பிசின் ஏறிய காசுக்கு வழி உண்டு. பிவிசியால் வந்த பிசினைச் சுத்தமான அசிட்டோன் கரைக்கும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கலாம், அது ஆகாது. கலப்படமில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை அதில் சில நிமிடம் விட வேண்டும். தேய்க்கக் கூடாது. வேறு கிண்ணத்தில் புது அசிட்டோனில் மறுபடி அலசிக் காற்றில் உலர விட வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சன்னல் திறந்திருக்க வேண்டும். பிள்ளைகள் செய்யும் வேலை அல்ல. செம்புக் காசாகவோ விலை உயர்ந்த காசாகவோ இருந்தால் அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துச் செய்வதே நல்லது.

அசிட்டோன் பிசினையும் பசையையும் மட்டுமே எடுக்கும். வெள்ளியின் கறுப்பையும் இரும்பின் துருவையும் அது தொடாது. பிசின் குழி போட்டிருந்தால் குழி அப்படியே இருக்கும். ஆகவே சீக்கிரம் பார்ப்பதுதான் மருந்து. இன்று இரவே வீட்டில் உள்ள பழைய ஆல்பத்தைத் திறந்து முகர்ந்து பார்க்கலாம்.

ஏற்கெனவே புளி போட்டுத் துலக்கிவிட்ட காசை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். நிறம் தரும் மருந்து பூசிப் பழைய காசாக்கிக் காட்டுவது ஏமாற்று. நல்ல உறையில் போட்டு வைத்தால், காலம் போகப் போக அதுவாகவே கொஞ்சம் நிறம் ஏறும். துலக்கியது என்பதை மறைக்காமல் சொல்லி வைப்பதே முறை. நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்ற பொருளும் தமிழில் உண்டு.

எழுதி வையுங்கள்

கடைசியாக ஒரு வேலை. அதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

ஒவ்வொரு காசையும் இரு பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும். கைத்தொலைபேசி போதும். ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் படத்தோடு காசை ஒப்பிட்டுப் பார்த்தால், புதுப் புள்ளியோ பச்சையோ வந்திருப்பது உடனே தெரியும். காணாமல் போனாலும் படமே அடையாளம்.

அதோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். என்ன காசு, எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது, அவர் எங்கே வேலை செய்தார், ஏன் இதைச் செலவழிக்காமல் வைத்திருந்தார். ஜப்பானியர் ஆட்சியில் அச்சிட்ட வாழைமர நோட்டுகள் 1945இல் அவர்கள் சரணடைந்ததும் ஒன்றுக்கும் உதவாமல் போயின. வெள்ளிக் காசின் உலோகத்துக்கு அப்போதும் மதிப்பு இருந்தது. அந்தக் காலத்தைக் கண்ட ஒருவர் காகிதத்தை நம்பாமல் வெள்ளியை முடிந்து வைத்தார் என்றால், அந்த முடிச்சுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். வீட்டில் இன்னும் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டு எழுதுவதற்கு இதுவே நேரம். இல்லாவிட்டால் பெரியப்பாவையோ அத்தையையோ கேட்கலாம். காசை எத்தனை பெட்டிக்குள் வைத்துக் காத்தாலும், கேட்காமல் விட்ட கதை பிறகு கிடைக்காது.

துணி முடிச்சோடு ஒரு டின் இந்த வாரம் எந்த வீட்டிலாவது கிடைத்தால், செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். காசுகளை விளிம்பில் பிடித்து ஒவ்வொன்றாகப் பிரித்து வையுங்கள். ரப்பர் பட்டையையும் பழைய காகிதத்தையும் அகற்றுங்கள். அந்தத் துணி பாட்டியின் புடவைக் கிழிசலாக இருந்தால் அதை எறிய வேண்டாம்; வேறு உறையில் தனியாக வையுங்கள். காசுகளை நல்ல உறையில் போட்டு உலர்ந்த டப்பாவில் மூடுங்கள்.

புளி சமையலறையிலேயே இருக்கட்டும்.